தேய்த்து அழித்த நாலு எழுத்து

நான்கு வருடத்துக்கு முந்தைய பங்குனி மாதம். காரைக்குடியில் எங்கள் கடையில் நடந்தது இது. கடை என்றதும் கண்ணாடி அலமாரி, ஏ.சி. என்று நினைத்துவிடாதீர்கள். முன்பக்கம் என் கணவரின் மெக்கானிக் ஷெட். பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை; அதுதான் என் ராஜ்ஜியம். பழங்காலத்துக் கார்களின் உதிரி பாகங்களை வாங்கி விற்கிறோம். ஹெட்லைட், ஹாரன், ரேடியேட்டர் மூடி, டேஷ்போர்டு கடிகாரம், கதவுக் கைப்பிடி என்று எது கிடைத்தாலும் சரி.

வந்த பொருள் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் பில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளிலேயே பில்லை அவரிடம் தள்ளிவிட்டுப் பொருளை நான் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லையா?" என்பார்கள். "இருக்காரு. ஆனா அவரே என்னயத்தான் கேப்பாரு" என்று சொல்லி உட்காரவைப்பேன்.

பொருளைக் கையில் கொடுத்ததும் முதலில் கைப்பையில் இருக்கும் காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்ப்பேன். பித்தளையில் இருக்க வேண்டியதில் காந்தம் ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது. அடுத்து நட்டு. அந்தக் காலத்துச் சீமை வண்டிகளுக்கெல்லாம் அங்குலக் கணக்கு. இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் கச்சிதமாக உட்கார்ந்தால், பொருள் போன மாதம் ஏதோ ஒரு லேத்தில் பிறந்தது என்று அர்த்தம். பிறகு கம்பெனி முத்திரை, எடை, ரப்பரின் வாடை. "கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். பக்கத்தில் என் கணவர் இருந்தால், "கண்ணைக் கட்டலாம், வாயைக் கட்ட முடியுமா?" என்பார்.

எங்கள் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அண்டாவிலிருந்து கரண்டிவரை எல்லாச் சாமானிலும் வீட்டுக்காரர்களின் இனிஷியலை வெட்டிவைப்பார்கள். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதுவது. கல்யாணத்துக்கு முன்னால் எழுத்து வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்து நாள் கணக்காக உட்காரவைப்பார்கள். அவர் வந்த வேகத்தில் கார் ஹாரனிலும் விளக்கிலும்கூட எழுத்தைப் போட்டுவிட்டுப் போன வீடுகள் உண்டு.

அந்தச் சாமானை இப்போது விற்கிறவர்களுக்கு அந்த எழுத்துதான் தொல்லை. 'இன்னார் வீட்டுச் சாமான் கடைக்கு வந்திருச்சாம்' என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடக் கூடாது. அதனால் நான் இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தேன். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. எழுத்து இருந்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இந்த நாணயத்துக்காகவே பல வீட்டுக் கதவுகள் எனக்குத் திறந்தன. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பங்குனிக்கு ஒரு மாதம் முன்னால், நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டார். அறுபது வயதைத் தாண்டியவர், சென்னையில் குடியிருப்பவர். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு பூட்டு. ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா, இறந்த பிறகு பல வருடமாகப் பூட்டியே கிடந்த அறையை ஒழிக்க வந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி சாவியை அனுப்பிவிட்டு வேலையை இவர் தலையில் கட்டிவிட்டாராம்.

அறையின் மூலையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றி ஒரு ஜோடி ஹெட்லைட். பித்தளை உடம்பு, மேலே நிக்கல் பூச்சு, கண்ணாடி இரண்டும் கீறல் இல்லாமல் இருந்தன. காந்தம் ஒட்டவில்லை. சீமைக் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். ஆனாலும் இந்தத் தொழிலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும். "பரவால்ல, ஏதோ ஓட்டலாம்" என்றேன்.

ஒவ்வொரு விளக்கின் அடியிலும், வண்டியோடு பொருத்தும் தண்டு மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு எழுத்து. என்ன எழுத்து என்று இங்கே எழுத மாட்டேன். அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "எழுத்தை எடுத்துருவீகள்ல?" என்று ஆச்சி கேட்டார். வண்டியில் ஏற்றும்போது மறுபடி கேட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஒரு புள்ளி மிச்சம் இருக்கக் கூடாது, பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னபடியே செய்தேன். எழுத்து இருந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்து, பஃபிங் போட்டு மெருகேற்றி, மதுரைக்கு அனுப்பி நிக்கல் பூசி வாங்கினேன். ஓர் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும், அவ்வளவு சுத்தம். படம் எடுத்துப் பழைய கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்றைக்கே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 'எனக்குத்தான்' என்று உறுதி சொல்லிவிட்டார். மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பார்சலுக்குத் தயாராக வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த சார் வந்தார். மதியம் பன்னிரண்டு மணி வெயில். அறுபதைத் தாண்டிய வயது, கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. கண்டரமாணிக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவதாகவும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார். பழைய ஹெட்லைட் ஜோடி எது கண்ணில் பட்டாலும் சொல்லச் சொல்லிவைத்திருந்தாராம்; அவரிடம் படித்த ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"நான் விளக்கு வாங்க வரலம்மா. ஒரே ஒரு விசயம் கேக்கணும். அந்த விளக்குக்கு அடியில, தண்டு மாட்டுற எடத்துக்கு மேல, எழுத்து ஏதும் வெட்டி இருந்துச்சா?"

அவ்வளவு துல்லியமாக இடம் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடும்.

"எழுத்தா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார்."

"நல்லாப் பாத்தீகளா?"

"நான் பார்க்காத விளக்கா? வேணும்னா நீங்களே பாருங்க" என்று பெட்டியைத் திறந்து விளக்கைத் தூக்கிக் காட்டவும் செய்தேன். என்ன துணிச்சல் பாருங்கள்! அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அந்த வழவழப்பான இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் கேட்காமலேயே சொன்னார்.

அவருடைய அப்பா நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டில் கார் டிரைவராக இருந்தவர். ஐம்பது வருடத்துக்கும் மேலான கதை. அந்த வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினைச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். ஒருநாள் காலையில் கொட்டகையைத் திறந்தால் வண்டியில் முன்விளக்கு இரண்டையும் காணோம். கொட்டகைச் சாவி டிரைவரிடம்தான் இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"போலீசுக்குப் போகல. அது ஒண்ணுதான் அவுக செஞ்ச புண்ணியம்" என்றார் சார். வேலை போனது. விளக்குத் திருடினவர் என்ற பெயர் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு எந்த வீட்டிலும் அவரை நம்பி ஒரு வண்டியைக் கொடுக்கவில்லை. சிங்கம்புணரிச் சந்தையில் மூட்டை தூக்கித்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சாருக்கு வைத்த பட்டப்பெயர் 'லைட்டு.' அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்தப் பேச்சு வந்ததாம்.

"எங்கப்பா இத்தனை வருசமா ஒண்ணுதான் சொல்லுவாக. 'அந்த விளக்குல எழுத்து வெட்டும்போது நாந்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அது என்னைக்காவது வெளிய வரும். யாரு பொட்டியில இருந்து வருதுன்னு பாத்தா, எடுத்தது யாருன்னு தெரிஞ்சு போகும்.' இப்ப அவுகளுக்கு எண்பத்தொம்பது வயசு. கண்ணு சுத்தமாத் தெரியல. அதுக்குள்ள ஒரு பதில் கெடச்சுட்டாத் தேவலன்னுதான் வந்தேன்."

பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தன் செல் நம்பரை எழுதி மேசையில் வைத்தார். எழுத்தோடு ஒரு ஜோடி எப்போதாவது வந்தால் கூப்பிடச் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு நீதான் டூப்ளிகேட்டை வித்துட்ட" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊர்ல எனக்கு இருக்கிற பேரே வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்குத்தான். ஆச்சிக்குக் கொடுத்த வாக்கை என்ன பண்றது? நாளைக்கு எந்த வீட்டுல நம்மளை உள்ள விடுவாக?" என்று கத்தினேன். அவர் பதில் பேசாமல் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார். பதில் பேசியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். சோறு போட்டு உட்கார்ந்தால் இறங்கவில்லை. 'நீங்களே பாருங்க' என்று விளக்கை நீட்டின என் கையை நினைத்தாலே கூசியது. சும்மா 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். பெருமை பீற்றிக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அந்தப் பெட்டியை மறுபடி திறந்தேன். எழுத்தின் தடம் கொஞ்சமாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேலை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன், பாவி! முன்கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் கிண்ணம் போன்ற பிரதிபலிப்பானையும் கழற்றினேன். உட்புறம் அந்தக் காலத்துக் கறுப்புப் பெயிண்டோடு அப்படியே இருந்தது. அங்கே நான் கை வைக்கவே இல்லை. உள்ளே கையை விட்டு அடிப்பக்கத்தைத் தடவினேன். விரலில் பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டது. கடுகு ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. மெல்லிய பித்தளைத் தகடு. வெளியே உளியால் குத்தினால் உள்ளே புடைத்துக்கொண்டு வரும். வெளியே நான் தேய்த்த எழுத்து உள்ளே அப்படியே இருந்தது, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாக. பார்சல் சுற்றும் மெல்லிய தாளை உள்ளே ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்த்தேன். தாளைத் திருப்பி ட்யூப்லைட்டில் பிடித்தேன். நாலு எழுத்தும் நேராக நின்றன. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இந்தமுறை கிண்டல் பண்ணவில்லை.

உடனே ஆச்சிக்குப் போன் போட்டேன். அப்போது அவர் நெற்குப்பையில்தான் இருந்தார். டிரைவரின் மகன் வந்ததைச் சொன்னேன். எழுத்து உள்ளே இருப்பதைச் சொன்னேன். காட்டலாமா என்று கேட்டேன்.

"எங்க அப்பச்சி பேரு சந்தி சிரிக்கணுமா? பேசுனபடி நடந்துக்கங்க. அவுக யாரும் இப்ப இல்ல, எதுக்கு இந்தப் பேச்சு?"

"டிரைவர் ஐயா இருக்காக ஆச்சி. எண்பத்தொம்பது வயசு. கண்ணுதான் தெரியலையாம்."

அவர் போனை வைத்துவிட்டார். பென்சிலால் எடுத்த எழுத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. கோயம்புத்தூர்க்காரர் பார்சல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு திருகாணி மாற்ற வேண்டும் என்று இழுத்தேன். அதுவும் முழுப்பொய் இல்லை. ஒரு விளக்கின் வளையத்தில் உடைந்துபோன திருகாணிக்குப் பதில் நான் வேறொன்று போட்டிருந்தேன். இரண்டு நாளும் மேசையில் இருந்த அந்த நம்பர் சீட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கவிழ்த்துவைத்தேன், மறுபடி திருப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். மறுபடி ஆச்சியைக் கூப்பிட்டேன். "ஆச்சி, நான் விளக்கை எடுத்துக்கிட்டுக் கண்டரமாணிக்கம் போறேன். வாக்கை மீறுறேன்னு எனக்கே தெரியுது. நீங்க என்ன வைதாலும் வாங்கிக்கிறேன். உங்க பங்காளிக வீட்டுல எல்லாம் சொல்லி என் தொழிலைக் கெடுத்தாலும் சரி. அந்த சார் மூஞ்சிக்கு நேரா நான் பொய் சொல்லிட்டேன், அதை என்னால முழுங்க முடியல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நில்லு ஆத்தா" என்றார். அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். "நானும் வாரேன்."

ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அவருடைய கார் எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. விளக்கை டிக்கியில் வைக்கப் போனேன். வேண்டாம் என்று வாங்கி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்று என் மடியில் இருந்தது. பாதி வழி தாண்டியதும் அவராகவே சொன்னார். பெட்டியைத் திறந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆறு வயதில் அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். விளக்குக் காணாமல் போனதும், டிரைவரை வெளியே அனுப்பியதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "பாகப்பிரிவினையில வண்டி பெரியப்பச்சி பக்கம் போயிருமோன்னு எங்க அப்பச்சி வீம்புக்குக் கழட்டி ஒளிச்சு வச்சிருக்காக. அப்புறம் பழி டிரைவர் மேல விழுந்ததும் வெளிய எடுக்க முடியல போல. அதான் உன்னைய எழுத்தை எடுக்கச் சொன்னேன்" என்றார். நான் என்னவோ மற்ற வீடுகளைப் போல இவரும் கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

சார் வீடு கண்டரமாணிக்கத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்று, "சார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எழுத்து இருந்துச்சு. நாந்தான் தேய்ச்சு எடுத்தேன்" என்றேன். அவர் கையில் இருந்த பத்திரிகையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு வயர் நாற்காலியில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி. யார் வந்திருப்பது என்று மகன் காதருகே குனிந்து சொன்னார். ஆச்சி விளக்கைக் கொண்டுபோய்ப் பெரியவரின் மடியில் வைத்தார்.

பெரியவர் இரண்டு கையாலும் வளையத்தைச் சுற்றித் தடவினார். கண்ணாடியைத் தொட்டார். கை மெதுவாகக் கீழே இறங்கியது. தண்டுக்கு மேலே வந்து நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் தேடியது.

"எழுத்தைக் காணோமே."

"நாந்தான்யா அழிச்சுட்டேன்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியையும் உள்கிண்ணத்தையும் கழற்றி, அவர் விரலைப் பிடித்து உள்ளே வைத்தேன். அந்த விரல் புள்ளிகளின் மேல் ஊர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நாலும் சரி. பிறகு விளக்கை மறுபடி மூடச் சொல்லி வாங்கி, வளையத்தின் திருகாணியில் விரலை வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இந்தத் திருகாணி இதோடது இல்லயே. இதுக்குத் தலை உருண்டையா இருக்கும். இதென்ன, தட்டையா இருக்கு?"

ஒரிஜினல் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட விளக்கு! கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன் என்று பேசினவள், கண் தெரியாத ஒருவரிடம் பிடிபட்டு நின்றேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆச்சி தரையில் அவர் காலருகே உட்கார்ந்தார். "டிரைவர் அண்ணே, என்னையத் தெரியுதா?" என்றார்.

"கொரலு வெளங்கலயே."

"சிலேட்டை வண்டியில விட்டுட்டு அழுவேனே, நாந்தான்."

"சின்ன ஆச்சியா!" என்று பெரியவர் கையை நீட்டினார். ஆச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பச்சிதான் விளக்கைக் கழற்றி வைத்திருந்தார் என்றும், பெட்டியில் பார்த்த பிறகும் தான் மறைக்கப் பார்த்ததாகவும் சொன்னார். அடுத்த மாதம் குலசாமிக்குப் படைப்பு நடக்கும், எல்லாப் பங்காளியும் வருவார்கள், அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் இதைச் சொல்கிறேன், நீங்களும் வர வேண்டும் என்றார்.

பெரியவர் தலையை அசைத்தார். "அங்க வந்து என்ன ஆச்சி ஆகப்போகுது? என்னையச் சொன்னவுக முக்காவாசிப் பேரு போய்ச் சேந்துட்டாக. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அது போதும். இந்தா நிக்கிறானே, இவன்கிட்டச் சொல்லுங்க. இவனுக்குத்தான் இன்னும் சந்தேகம்."

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, என்ன பேசுறீக..." என்றார்.

"பத்து வயசுல என் டிரங்குப் பொட்டியத் தொறந்து தேடுனியேப்பா. நான் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அப்போதுதான், என் கடையில் அந்த வழவழப்பான விளக்கைப் பார்த்தபோது சாரின் முகம் ஏன் அப்படி ஆனது என்று எனக்குப் புரிந்தது. அவர் அப்பாவுக்காக மட்டும் பதில் தேடி வரவில்லை. ஐம்பது வருடமாக மனசின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கும் சேர்த்துத்தான் பதில் தேடி வந்திருக்கிறார். நான் 'எழுத்து இல்லை' என்று சொல்லி, அந்தக் கேள்வியைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆச்சி சாரின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கப்பா எடுக்கல. எடுத்தது எங்க அப்பச்சி. என் கையாலதான் பொட்டியத் தொறந்தேன்" என்றார். சார் அப்பாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியவர் ஒரு கையால் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் விளக்கு உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடியே படைப்பு அன்று ஆச்சி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரியவர் போகவில்லை, சார் மட்டும் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். கோயம்புத்தூர்க்காரரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்றேன். "அடப்பாவமே, அந்த எழுத்தோட இருந்திருந்தாத்தானேம்மா அது ஒரிஜினல்!" என்று அவர் என்னைத் திட்டினார். உருண்டைத் தலைத் திருகாணியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை பொறுத்திருந்து வாங்கிக்கொண்டார். பென்சிலால் எடுத்த அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரியவர் இப்போது இல்லை. எழுத்தைத் தேய்த்து எடுப்பதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். எழுத்தோடு விற்கச் சம்மதம் என்றால்தான் வாங்குவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் சில வீட்டுக் கதவுகள் எனக்கு மூடிக்கொண்டன. இப்போதெல்லாம் ஒரு விளக்கு என் கைக்கு வந்தால் காந்தத்தை எடுப்பதற்கு முன்னால் அதன் உட்புறத்தைத்தான் தடவிப் பார்க்கிறேன். இது யாருடைய பொருள் என்பதோடு, இதற்காக எங்கேயாவது யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களோ என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது.